சூலூருக்கு ஒரு டிக்கெட்

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், ஆனி மாதத்தின் கடைசி நாளன்று மாலை, கோவை சிங்காநல்லூர்ப் பேருந்து நிலையத்தில், நகரத் தொடங்கிவிட்ட ஒரு பேருந்தில் ஓடிப்போய் ஏறினேன். அப்போது எனக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. எந்த ஊரில் இறங்கப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது. சட்டக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். வீட்டு வாடகைச் சட்டம் என் பாடங்களில் ஒன்று. எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பக் கூடாது என்று பல தலைமுறை மாணவர்களுக்குச் சொன்னவன். அன்று மாலை நான் செய்த எதுவும் என் இயல்புக்கு ஒத்ததல்ல. 

அதற்கு முந்தைய தை மாதத்தில் என் மனைவி காலமானாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

நாங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வாடகை வீட்டில் இருந்தவர்கள். வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போவதாகச் சொன்னார். ஆனி முடிந்ததும் சாவியைத் தந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சட்டப்படி இன்னும் சில காலம் இழுத்துப் பிடித்திருக்க வழி உண்டு. அந்த வழியை நானே வகுப்பில் கற்பித்திருக்கிறேன். ஆனால் அவள் புழங்கிய வீட்டை ஒரு வழக்கின் பொருளாக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் ஒரே மகள் அதற்குள் எனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். மலையடிவாரத்தில், முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. தோட்டம் உண்டு, மருத்துவர் உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை, சமையலறை இல்லை என்பதைத் தவிர. மனைவி படுத்திருந்த மாதங்களில்தான் நான் சமைக்கக் கற்றேன். அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, ரசம் கூட்டவும் பருப்பு கடையவும் பழகினேன். அதை விட்டுவிட்டுத் தட்டோடு வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. மகளோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆடி பிறப்பதற்குள் வீடு கிடைத்தால் தனியாக இருப்பேன். கிடைக்காவிட்டால் மறு பேச்சில்லாமல் அவள் சொன்ன இடத்துக்குப் போவேன்.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் புதுக் குடித்தனம் வைக்க மாட்டார்கள். ஆவணி பிறக்கும்வரை யாரிடம் கேட்டும் பயனில்லை.

ஆனி மாதம் முழுவதும் அலைந்தேன். முதலில் போன வீட்டில் ஒரு நடுவயதுக்காரர், "எத்தன பேருங்க?" என்று கேட்டார். ஒருவன்தான் என்றேன். "பேச்சிலருக்குக் குடுக்கறதில்லீங்களே" என்றார். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு என் திருமணத்தன்றே முடிந்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன். இன்னொரு வீட்டில் ஓர் அம்மாள் காபியும் முறுக்கும் கொடுத்து, மகளைப் பற்றி விசாரித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவர் வீடு இல்லை என்று சொல்லியிருக்கிறார் என்பதே எனக்கு உறைத்தது. மூன்றாவது இடத்தில் ஒளிவுமறைவே இல்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாங்க கதவ ஒடைக்கோணும், போலீசு வரும். அப்பறம் அந்த ஊட்டுக்கு எவன் குடி வருவான், சொல்லுங்க?" அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதையும் என்னால் காண முடியவில்லை.

கடைசி நாள் வந்தது. என் சாமான்கள் பழைய வீட்டின் கூடத்தில் கட்டி அடுக்கியிருந்தன. அன்று பார்க்க ஒரே ஒரு வீடு மிச்சமிருந்தது. சிங்காநல்லூரிலிருந்து சற்று உள்ளே, மாடியோடு கூடிய பழைய வீடு. வீட்டுக்கார அம்மாள் வெள்ளகோவிலில் மகனோடு இருப்பவர். மாதம் ஒருமுறை வந்து வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போவார் என்றும், குடிவருபவர்களை நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்றும் தரகர் சொல்லியிருந்தார்.

நான் போனபோது அந்த அம்மாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். சாவிக்கொத்து மடியில் இருந்தது. எனக்கு முன்பே ஒரு தம்பதி அவர் எதிரில் நின்றிருந்தார்கள். கணவர் உக்கடத்தில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். மனைவி ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். கணவருக்கும் சேர்த்துப் பேசுபவர். கோட்டைமேட்டில் பெரிய குடும்பத்தோடு நெருக்கமாக இருந்தவர்கள், மகளுக்கு இந்தப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்ததால் இங்கே வீடு தேடினார்கள். மனைவியின் தலையில் முக்காடு இருந்தது. அம்மாளின் கண் அதிலேயே இருந்தது.

"கறி ஆக்குவீங்களே கண்ணு" என்றார் அம்மாள்.

"ஏனுங்கம்மா, வெள்ளகோவில்ல ஞாயித்துக்கிழமை ஊரே தயிர்சோறா சாப்புடுது?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "வாயி நீளந்தான் உனக்கு" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கறி இல்ல அம்மணி விசயம். அக்கம்பக்கம் நாலு விதமாப் பேசும். நான் வெள்ளகோவில்ல இருந்துட்டு ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்ல முடியாது. வேற எடம் பாருங்க, போங்க."

அடுத்தது என் முறை.

"சாருக்குச் சொந்த ஊருங்க?"

"தாராபுரமுங்க."

"தாராபுரத்துல எந்தப் பக்கமுங்க?"

ஊரில் தொடங்கித் தெருவில் நுழைந்து குலத்தில் போய் நிற்கும் கேள்வி அது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் நான் தேறிவிட்டேன். அடுத்த கேள்வியில் தோற்றேன்.

"ஊட்ல அம்மணி?"

"இல்லீங்க. தையில தவறிட்டாங்க."

அவர் மடியிலிருந்த சாவிக்கொத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "தனி ஆளுக்கு இத்தன பெரிய ஊடு எதுக்குங்க? பிரிச்சுக் குடுக்கவும் மாட்டேன். ரெண்டு குடித்தனம் வெச்சா தண்ணி வர்ற அன்னிக்குச் சண்டதான். ஒரே குடும்பமா வந்தாப் பாக்கலாமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

வெளியே வந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை இழுத்துவந்து முகத்தில் அடித்தது. தெருமுனை பேக்கரியில் ஒதுங்கினேன். அந்தத் தம்பதியும் அங்கே நின்றிருந்தார்கள். எனக்கும் சேர்த்து டீ சொன்னார் கணவர்.

"சாருக்கும் இல்லேன்னுட்டாங்களா?" என்று மனைவி கேட்டார். "உங்களுக்கு என்ன காரணங்க?"

"நான் செத்துப்போயிருவேனாம்" என்றேன்.

அவர் ஒரு கணம் திகைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எங்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது. எனக்குக் கிடைத்த மறுப்புகளை நான் சொல்ல, அவர்களுக்குக் கிடைத்ததை அவர் சொன்னார். ஒரு வீட்டுக்காரர் பெயரைக் கேட்டவுடன், போன நிமிடம்தான் வேறு ஒருவர் முன்பணம் கொடுத்தார் என்றாராம். மறு வாரம் வேறு பெயர் சொல்லி விசாரித்தபோது வீடு காலியாகவே இருந்ததாம். "எங்க பேரக் கேட்டா மட்டும் அந்த ஊடு நெறஞ்சு போயிருதுங்க சார்" என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தை மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் முறை. சிரித்தது நான்தானா என்று எனக்கே ஐயமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் என்னையே பார்த்தார். "சார், அந்தம்மாவுக்கு மொத்த ஊட்டுக்கும் ஒரே குடும்பம் வேணும். நாம சேந்து போயிக் கேட்டா என்னங்க? நீங்க கீழ, நாங்க மேல. உங்க பேருல எடுத்துக்கலாம். நீங்க வாத்தியாரு, தாராபுரத்துக்காரரு. உங்களுக்கு இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. வகுப்பில் ஒரு சிக்கலான வழக்கு திடீரென்று அவிழும்போது வரும் பரபரப்பு அது. கூட்டு வாடகைதாரர்கள்! தனி ஆள் என்ற ஆட்சேபம் போய்விடும். அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல நான் அங்கேயே இருப்பேன். அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியபோது, அதுவரை பேசாமல் இருந்த கணவர் டீக் குவளையைக் கீழே வைத்தார்.

"சார் பேருல மட்டும் வேண்டாமுங்க."

"ஏனுங்க, ஊடு கெடைக்கற நேரத்துல..." என்று மனைவி தொடங்கினார்.

"ஒளிஞ்சுட்டு குடியிருக்க முடியாது. நாளைக்கி எம்பொண்ணு ஸ்கூல்ல அட்ரஸ் எழுதறப்ப, இது யாரு ஊடுன்னு கேட்டா என்ன சொல்லும்? எங்க பேரும் பத்திரத்துல இருந்தா வாரோம். இல்லீன்னா சார் தனியாக் கேட்டு வாங்கிக்கட்டும்."

சட்டம் படித்த எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது அது. "உங்க பேரு இல்லாம நான் எழுத மாட்டேனுங்க" என்றேன்.

வீட்டுக்கு ஓடினோம். கதவு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் நின்றவர், "அம்மா இப்பத்தான் ஆட்டோவுல பஸ் ஸ்டாண்டுக்குப் போச்சுங்க" என்றார். விடிந்தால் ஆடி.

பேக்கரி ஓரமாக நின்றிருந்தது அவர்களுடைய பழைய மாருதி வேன். வெளியே பெயின்ட் உரிந்திருந்தது. உள்ளே இருக்கைகள் மட்டும் அரசரின் அரியணை போல மெரூன் நிறத்தில் மின்னின. திருச்சி சாலை நெரிசலில் அவர் அதைப் பாம்பு போல ஓட்டினார். பேருந்து நிலையத்தில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். "சார், இங்க! கரூர் பஸ்சு!" என்று அந்தப் பெண் கத்துவது கேட்டது. வெள்ளகோவில் வழியாகக் கரூர் போகும் பேருந்தின் ஜன்னலோரத்தில் அம்மாள். பேருந்து கிளம்பிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்துகொண்டே, "அம்மா, ஒரு நிமிசமுங்க, ஒரே குடும்பமாத்தான் வாரோம்..." என்று தொடங்கினேன். நடை ஓட்டமானது. பின்வாசலில் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"எங்க போகோணுமுங்க?" என்றார் நடத்துநர்.

"அது அந்த அம்மா சொல்றதப் பொறுத்ததுங்க."

"அந்த ஊருக்கு டிக்கெட் இல்லீங்களே."

பேருந்தே சிரித்தது. சூலூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஊர் என்று எனக்கு நினைவு வந்தது அதுதான்.

அம்மாளின் இருக்கையருகே போய் நின்று மூச்சு வாங்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க வாத்தியாரே, ஊடு இல்லேன்னா வெள்ளகோவிலுக்கே வந்துருவீங்களா?"

நடைபாதையில் பெரிய துணி மூட்டையோடு நின்ற ஒரு பெண்மணி, "மூட்ட மேல உக்காருங்க பெரியவரே. சென்னிமலைப் போர்வைங்க, ஒண்ணும் ஆகாது. விழுந்துகிழுந்து வெக்காதீங்க" என்றார். உட்கார்ந்தேன். எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். போர்வை மூட்டையின் மேல் உட்கார்ந்து வாதாடியது அன்றுதான்.

விஷயத்தைச் சொன்னேன். மொத்த வீட்டையும் சேர்ந்து எடுக்கிறோம், பத்திரத்தில் அவர்கள் பெயரும் என் பெயரும் இருக்கும், எதையும் மறைக்கவில்லை, அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன் என்றேன். அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்க பாருங்க. பஸ்சுக்குப் பின்னால ஓடி வந்திருக்கீங்க. இந்த வயசுல உங்களப் பாத்தாப் பாவமா இருக்குது. உங்களுக்குன்னா குடுத்தர்றேனுங்க. நீங்க மட்டும் வாங்க. அவங்க வேண்டாம்."

அந்த நொடியை நான் மறைக்க விரும்பவில்லை. பேருந்தின் பின்கண்ணாடியில் அந்த வேன் தெரிந்தது. எங்களை விடாமல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 'சரிங்க' என்று ஒரு சொல் போதும், நான் தேடியது கிடைத்துவிடும். மகளிடம் சொல்லிவிடலாம். அந்தத் தம்பதியிடம் நான் எழுத்தில் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை. ஒரு டீயும் ஒரு வாய்ச்சொல்லும், அதோடு சரி. நாவின் நுனிவரை வந்துவிட்டது அந்தச் சொல்.

ஆனால் வெளியே வந்தது வேறு. "நான் மட்டும் வந்தா எல்லாரும் பயப்படற அந்த பயம் அப்படியே இருக்குதுங்கம்மா" என்றேன். "காலையில நான் கதவத் தொறக்கலீன்னா வந்து தட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். எனக்கு அவங்க வேணுமுங்க. அவங்களுக்கு நான் செய்யற உதவி இல்ல இது."

உயர்ந்த வாதமொன்றும் இல்லை அது. உண்மை மட்டும்தான். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

போர்வைக்காரப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கக்கா, ஊடு வாடகைக்கு உடறதுக்கா இத்தன ரோசன? எம்பொண்ணக் கட்டிக் குடுக்கறப்பக்கூட நான் இத்தன கேக்கல."

"அதான் அந்தப் புள்ள மாசத்துக்கு ஒருக்கா உங்கூட்டுக்கு வந்தர்றாளாக்கும்" என்றார் பின்னால் இருந்த ஒருவர், அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர் போலிருக்கிறது. மறுபடி சிரிப்பு. அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை விரல்களால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எம்பையனும் இதையேதானுங்க சொல்றான்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"எதைங்க?"

"கதவத் தட்ட ஆளில்லீன்னு. அது எங்க வீட்டுக்காரரு கட்டுன ஊடு. அவரு போனதுக்கப்பறம் நான் அங்கயே இருந்துக்கறேன்னுதான் சொன்னேன். தனியா வேண்டாம்மான்னு வெள்ளகோவிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். நல்ல பையன்தான். மருமகளும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. ஆனா நான் ஒரு டம்ளர எடுத்து வெச்சா, அது வெச்ச எடத்துல இருக்காதுங்க. அதான் மாசம் ஒருக்கா பெருக்கறேன்னு சொல்லிட்டு வாரேன்."

அவர் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தார். வேனின் முன்னிருக்கையில் அந்தப் பெண் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள... உங்களுக்குத் தட்டறப்ப, எனக்கும் தட்டுவாளா?"

கேள்வி எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்தபோது, நான் போர்வை மூட்டையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

"கீழ பின்பக்கம் ஒரு ரூம்பு இருக்குதுங்க, சமையக்கட்டோட" என்று அவர் வேகமாகச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "அது எனக்கு. முன்பக்கம் நீங்க. மாடி அவங்களுக்கு. தண்ணிக்கு நான் அங்க இருந்தா எவனும் சண்ட போட மாட்டான். டிரைவர் தம்பி, சூலூர்ல நிறுத்துங்க! நான் எறங்கோணும்!"

"நீங்க வெள்ளகோவிலுக்கு டிக்கெட் வாங்கியிருக்கீங்கம்மா" என்றார் நடத்துநர்.

"அது கெடக்குது. விசில ஊதுங்க."

நாங்கள் இறங்கும்போது பேருந்தில் யாரோ கைதட்டினார்கள். போர்வைக்காரப் பெண்மணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "குடி போனீங்கன்னா போர்வைக்குச் சொல்லி அனுப்புங்க" என்று கூவினார்.

வேன் எங்கள் பின்னால் வந்து நின்றது. அந்தப் பெண் பதறிக்கொண்டு இறங்கினார். "என்னங்க சார், எறக்கி உட்டுட்டாங்களா?"

"நாந்தான் எறங்குனேன்" என்றார் அம்மாள். "ஊடு வரைக்கும் கொண்டுபோயி உடுவீங்களா? இருட்டறதுக்குள்ள போகோணும். விடிஞ்சா ஆடி." மெரூன் இருக்கையில் உட்கார்ந்து, அதைத் தடவிப் பார்த்தார். "சொகுசா இருக்குதே. உங்க கைவேலையா தம்பி?" கணவர் தலையை மட்டும் அசைத்தார். வண்டியைக் கிளப்பியவர், சற்றுத் தூரம் போனதும் கண்ணாடியில் அம்மாளைப் பார்த்துக் கேட்டார், "பத்திரத்துல எங்க பேருங்கம்மா?"

"உம்பட பேரு, அவ பேரு, வாத்தியாரு பேரு, எல்லாத்தையும் எழுதுங்க. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

வழியிலேயே மகனுக்குப் போன் செய்தார். அவர் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. "ஊட்ட வாடகைக்கு உட்டுப்போட்டேன் கண்ணு... ஆமா, இன்னைக்கேதான்... மூணு குடும்பம்... ஒண்ணு வாத்தியாரு, ஒண்ணு உக்கடத்துத் தம்பி... மூணாவது யாரா? நாந்தான்." அங்கே தனியாக இருப்பாயா என்று மகன் கேட்டிருக்க வேண்டும். "செத்துப்போனேன்னா சொல்லி அனுப்பறதுக்கு ஆளிருக்குது, வெச்சர்றேன்" என்று அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிறு பெண் போல உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த வேனுக்குள் நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில் கணவர் ஓட்டுவதை நிறுத்திச் சாலையோரம் ஒதுங்க வேண்டியதாயிற்று.

பேக்கரியில் ஒரு பால் பாக்கெட் வாங்கினோம். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அதை முடித்துவிட்டால் அன்றே குடி புகுந்ததாகக் கணக்கு. சாமான்கள் பின்னால் வரலாம். பின்னறையில் அம்மாள் தனக்குக் காபி வைத்துக்கொள்ள ஒற்றை அடுப்பு ஒன்று வைத்திருந்தார். பாலைப் பாத்திரத்தில் ஊற்றிய பிறகு அனைவரும் சற்றுத் தயங்கி நின்றோம். சுமங்கலி ஒருத்திதான் அடுப்பைப் பற்றவைப்பது வழக்கம். எங்களில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

"நீ பத்த வை கண்ணு" என்று அம்மாள் தீப்பெட்டியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"எங்க சனத்துலயும் புது ஊட்டுக்குப் பால் காச்சுவோமுங்கம்மா. ஊட்டுக்காரங்கதான் பத்த வெப்பாங்க" என்று அவர் தீப்பெட்டியை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார். "நீங்கதானே ஊட்டுக்காரங்க?"

அம்மாள் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். தன் கணவர் போன பிறகு நல்ல காரியம் எதற்கும் அவர் கையில் யாரும் எதையும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் உரசிய குச்சி முதல் முறை அணைந்தது. இரண்டாவது முறை பற்றியது. பால் பொங்கி வழிந்தபோது மூவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். முதல் டம்ளரை எனக்குத் தந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்று குடித்தேன். என் கண் கலங்கியதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

மறுநாள் பழைய வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மகளிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பத்திரம் போடவில்லையா என்று கேட்டாள். ஆடியில் பத்திரம் போட அம்மாள் ஒப்பவில்லை. ஆவணி முதல் வாரத்தில்தான் போட்டோம். ஒரு மாதம் முழுவதும், வாழ்நாளெல்லாம் நான் கற்பித்ததற்கு நேர் எதிராக, ஒரு வரி எழுத்து இல்லாமல் குடியிருந்தேன். அந்த மாதம் நன்றாகத் தூங்கினேன்.

அக்கம்பக்கம் பேசாமல் இல்லை. எதிர் வீட்டுக்காரர் மாடிக் குடும்பத்தோடு இன்றுவரை பேசுவதில்லை. மற்றவர்கள் இப்போது சர்க்கரை அளவு என்ன வந்திருக்கிறது என்று காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார்கள். அம்மாளின் மகன் முதலில் கோபித்துக்கொண்டார், இப்போது மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். காலையில் நான் எழச் சற்றுத் தாமதித்தால் கதவில் முதலில் ஒரு தட்டு, பிறகு பின்னறையிலிருந்து ஓர் அதட்டல்.

என் மனைவி இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. இதன் ஒரு படியில்கூட அவள் கால் பட்டதில்லை. அவள் இல்லாத இடத்தில் நான் இருக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தவன், அன்று சூலூரில் இறங்கிய அந்த மாலைக்குப் பிறகு, அவளிடம் சொல்வதற்குத் தினமும் ஏதோ ஒன்று இருக்கிறது என்கிற நிறைவோடுதான் விளக்கை அணைக்கிறேன்.